ஏகாம்பரத்தின் வலது காது

"புதுசா கிராபிக்ஸ் கார்டு மாட்டினேன் டீச்சர். அன்னியிலேருந்து கம்ப்யூட்டர் நின்னு நின்னு போகுது," என்றார் குணசீலன்.

நஸ்ரீன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"என்ன செஞ்சு பாத்தீங்க?"

"எல்லாம் செஞ்சு பாத்துட்டேன்."

"என்னென்னன்னு சொல்லுங்க சார்."

குணசீலன் சொன்னார். ரேமை மாற்றியிருந்தார். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியிருந்தார். திரைக்குப் போகும் கேபிளைப் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்திருந்தார். மைத்துனர் பேச்சைக் கேட்டு மேஜையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பியும் போட்டிருந்தார்.

"எல்லாம் ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்லதான். கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு. இப்ப திரும்ப நிக்குது."

"நல்லா ஓடினது எதனால?"

குணசீலன் கூரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரியல," என்றார்.

நஸ்ரீன் முன்பு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்டுவிட்டு வேலூரில் ஒரு மாடியில் கடை வைத்திருந்தார். மற்ற கடைக்காரர்கள் கைவிட்ட இயந்திரங்கள் அங்கே வரும். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

குணசீலன் காது செய்பவர். காது, மூக்கு, விரல். விபத்திலோ நோயிலோ அவற்றை இழந்தவர்களுக்கு சிலிக்கோனில் செய்து கொடுப்பார். தலை நரைக்கும்வரை கையாலேயே செய்தவர், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினார். இருக்கும் காதை ஸ்கேன் செய்து, திரையில் அதை இடம் வலமாகப் புரட்டினால் இல்லாத காது கிடைக்கும். அதன் மேடு பள்ளங்களைத் திருத்தி, சிலிக்கோன் வார்க்கும் அச்சுக்கு அனுப்பலாம். பழைய கார்டில் காதைத் திருப்பினால் அது அசைந்து வர நேரமாகும். அதனால்தான் புதியது வாங்கினார்.

"பெட்டியக் கீழ வண்டியிலயே வச்சிருக்கேன். நீங்களே ஒரு தடவ திறந்து பாத்துட்டா நல்லாருக்கும்," என்றார்.

"இங்க ஓடும் சார். உங்க மேஜையிலதான் நிக்கும்."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"மாத்தினதையெல்லாம் பழையபடி வச்சிடுங்க."

"பழையபடி வச்சா நிக்குமே!"

"நிக்கட்டும்."

அவர் வேறு ஏதாவது சொல்வார் என்று குணசீலன் எதிர்பார்த்தார். நஸ்ரீன் திருப்புளியை எடுத்துக்கொண்டார்.

குணசீலன் படியில் இறங்கும்போது திரும்பிக் கேட்டார். "மேஜையையுமா?"

"மேஜையையும்."

*

அன்று மாலை குணசீலன் காது செய்யும் இடத்துக்கு ஏகாம்பரம் வந்திருந்தார்.

ஏகாம்பரம் தையல்காரர். லாரி இடித்ததில் வலது காது போய்விட்டது. காது கேட்பதில் குறையில்லை, மடல்தான் இல்லை. அதனால் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் நிற்காது. அவரே ஒரு எலாஸ்டிக் நாடாவை வெட்டி, கண்ணாடியின் இரு கால்களிலும் தைத்து, தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

"எப்பிடி வருது சார் என் காது?"

குணசீலன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார்.

"காதா சார் இது? அப்பளம் மாதிரி தட்டையா இருக்கு."

குணசீலனும் பார்த்தார். உண்மைதான். ஒவ்வொரு கோடு போட்டதும் கோப்பைச் சேமித்து, எப்போது நிற்குமோ என்று பயந்து பயந்து செய்த காது. எந்த மேடும் எழும்பவில்லை, எந்தப் பள்ளமும் இறங்கவில்லை.

"பின்பக்கம் நல்லா வந்திருக்கு, பாருங்க," என்று காதைத் திருப்பினார்.

திரை கறுத்தது. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன்களும் அடங்கின.

"என் காது அதுக்குப் பிடிக்கல போல," என்றார் ஏகாம்பரம்.

குணசீலன் சிரிக்கவில்லை.

"விட்டுடலாம் சார். எலாஸ்டிக் பழகிடுச்சு."

சொல்லிவிட்டு நாடாவைத் தூக்கித் தலையைத் தடவிக்கொண்டார். அது இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு பதிந்திருந்தது. ஒரு பக்கம் தோல் உரிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை வாங்க," என்றார் குணசீலன்.

"போன வாரமும் வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னீங்க."

"வாங்க."

*

குணசீலன் பழைய ரேமை மாட்டினார். பழைய கேபிளைத் தேடி எடுத்துப் போட்டார். மூடியை மூடினார். ஃபேனை நகர்த்தினார். மேஜையைத் தனியாளாக இழுத்துத் திருப்பினார்.

கம்ப்யூட்டர் நின்றது. போட்டார், மறுபடி நின்றது.

மாடிப்படி ஏறிப் போய்ச் சொன்னார். "எல்லாம் பழையபடி வச்சிட்டேன் டீச்சர். விண்டோஸ் மட்டும் புதுசுதான், அத என்ன செய்ய முடியும்? நீங்க சொன்ன மாதிரியே நிக்குது."

"எப்ப நிக்குது?"

"அதான் தெரியல. வேலை செஞ்சிட்டே இருப்பேன், திடீர்னு நின்னுடும்."

நஸ்ரீன் எழுந்து அவருக்குப் பின்னால் போனார். அலமாரியில் எதையோ எடுக்கப் போகிறார் என்று குணசீலன் நினைத்தார்.

விளக்கு அணைந்தது. தலைக்கு மேலே ஃபேன் மெல்ல ஓய்ந்தது.

"கரண்ட் போயிடுச்சா?" என்று திரும்பினார் குணசீலன்.

நஸ்ரீனின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

"திடீர்னு அணைஞ்சிடுச்சு," என்றார் நஸ்ரீன்.

குணசீலனுக்குக் கோபம் வந்தது. ஊரில் வேறு கடைகளும் இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். இறங்கிப் போய்விட்டார்.

வண்டியில் போகும்போதும் அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது.

*

மறுநாள் காலை வேலைக்கு உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார்.

கை மேட்டை உயர்த்தியது. நிற்கவில்லை. பள்ளத்தை ஆழமாக்கியது. நிற்கவில்லை. ஓரத்தை மழுக்கியது. நிற்கவில்லை. செய்தது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் காதை வேகமாகச் சுழற்றியது.

நின்றது.

மறுபடி போட்டார். இந்த முறை வேலை எதுவும் செய்யவில்லை. காதைச் சுழற்ற மட்டும் செய்தார்.

நின்றது.

இன்னொரு முறை செய்யும்போது அவருக்குப் பயம் இல்லை. தேநீர் குடித்துக்கொண்டே சுழற்றினார். நின்றது. குவளையைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

"காதைச் சுத்தினா நிக்குது டீச்சர்."

"சுத்தலன்னா?"

"நிக்கல. எவ்வளவு நேரம் வேணா ஓடுது. முன்ன கொஞ்ச நாள் நல்லா ஓடினப்பவும் நான் சுத்தற வேலை எதுவும் செய்யல."

"சுத்தும்போது கார்டுக்கு என்ன வேணும்?"

குணசீலன் யோசித்தார். "சும்மா இருக்கறதவிட அதிகமா உழைக்கணும். தெம்பு வேணும்."

"தெம்பு எங்கேருந்து வருது?"

"பவர் சப்ளையிலேருந்து."

"எது வழியா?"

"ஒயர் வழியா," என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். பழைய கார்டுக்குத் தனி ஒயரே கிடையாது. புதியதில் ஒயர் செருக இரண்டு இடம் இருந்தது. பவர் சப்ளையிலிருந்து வந்த ஒரே ஒயர் முனையில் இரண்டு தலையாகப் பிரிந்திருந்தது. வசதியாக இருக்கிறதே என்று இரண்டு இடத்திலும் அந்தத் தலைகளையே செருகியிருந்தார்.

"டீச்சர், ஒரே ஒயரைத்தான்..."

எதிர்முனையில் நஸ்ரீன் ஏற்கெனவே ஃபோனை வைத்துவிட்டார்.

குணசீலன் மூடியைத் திறந்தார். பவர் சப்ளையோடு வந்த பையில் இன்னொரு ஒயர் பிரிக்காமலேயே கிடந்தது. அதன் ஒரு முனையைப் பவர் சப்ளையிலும் மறுமுனையைக் கார்டின் இரண்டாவது இடத்திலும் செருகினார். பிரிந்த தலைகளில் ஒன்று மிச்சமாகி உள்ளே தொங்கியது.

காதைச் சுழற்றினார். ஓடியது. வேகமாகச் சுழற்றினார். ஓடியது.

அன்று பொழுது சாய்வதற்குள் காதின் மேல் விளிம்பு வளைந்து வந்தது. உள்மடிப்பு நிழல் விழும் அளவுக்கு இறங்கியது. கீழே தொங்கும் சதை மட்டும் பாக்கி.

*

வெள்ளிக்கிழமை காலை ஏகாம்பரம் வந்தார். திரையைப் பார்த்ததும் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இது என்னோடதுதான் சார்."

"உக்காருங்க. கீழ் சதையை முடிச்சுட்டா இன்னிக்கே அச்சுக்கு அனுப்பிடலாம்."

நல்ல செய்தியைச் சொல்ல நஸ்ரீனைக் கூப்பிட்டார்.

"சரியாயிடுச்சு டீச்சர். ரெண்டாவது ஒயர் போட்டேன். நேத்திலேருந்து சுத்தறேன், நிக்கவே இல்ல."

"சந்தோஷம் சார். ஒயரை மட்டும்தான் தொட்டீங்களா?"

"ஒயரை மட்டும்தான்."

"கார்டைக் கழட்டாமயே கை உள்ள போச்சா?"

குணசீலன் முந்தின நாளை நினைத்துப் பார்த்தார். பவர் சப்ளைக்கு ஒயர் போகும் வழியைக் கார்டு அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஒயரை இழுத்தார். கழற்றியதைத் துணியால் துடைத்து, நன்றாக அழுத்தி மாட்டினார்.

"கழட்டித்தான் மாட்டினேன்," என்றார்.

"ம்."

"அப்ப, அழுத்தி மாட்டினதாலயும் சரியாயிருக்கலாம்."

"இருக்கலாம்."

"எதுன்னு எப்பிடித் தெரிஞ்சுக்கறது?"

"கடைக்கு ஆள் வந்திருக்காங்க சார். வைக்கறேன்."

குணசீலன் ஃபோனைக் கீழே வைத்தார்.

திரையில் காது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தத் தடங்கலும் இல்லை. அவர் கை தானாகப் போய்க் கோப்பைச் சேமித்தது. உடனே இன்னொரு முறை சேமித்தது. மூன்றாவது முறை போனபோது அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

கம்ப்யூட்டரை அணைத்தார்.

"ஐயோ, நல்லா ஓடிட்டிருந்ததே சார்!" என்றார் ஏகாம்பரம். "ஏன் அணைச்சீங்க?"

"ஒரு நிமிஷம்."

மூடியைத் திறந்தார். கார்டைத் தொடவில்லை. நேற்றுப் போட்ட ஒயரை மட்டும் அதிலிருந்து பிடுங்கினார். உள்ளே தொங்கிக்கொண்டிருந்த பழைய தலையை எடுத்து அந்த இடத்தில் செருகினார்.

"திரும்பப் பழையத மாட்டறீங்களா?"

"ஆமா."

"நின்னுடப் போவுது சார்."

"பாக்கலாம்."

சுவிட்சைப் போட்டார். திரையில் காதைத் திறந்தார். பிடித்து வேகமாகச் சுழற்றினார். ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்த சுற்றின் பாதியில் திரை கறுத்தது. ஃபேன்கள் அடங்கின.

ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குணசீலன் சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டார். அந்த இரட்டைத்தலை ஒயரைக் கார்டிலிருந்து உருவி ஏகாம்பரத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதனால," என்றார்.