தண்ணீரிலிருந்து பார்த்தபோது

ஜெசிந்தாவிடம் பாய்மரப் படகு ஓட்டக் கற்க வந்தவர்களில் சுயம்புலிங்கம்தான் வயதில் மூத்தவர். அவருக்கு அறுபத்திரண்டு, அவளுக்கு முப்பத்தாறு. அவர் அவளைக் கேப்டன் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். ஆனால் படகில் ஏறிவிட்டால் அவள் சொன்னதுதான் சட்டம்.

பதினாலு மாதம் கற்ற பிறகு ஒருநாள் கேட்டார்.

"கேப்டன், என்னைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

மேற்கே, நடுக்கடலில் ஒரு தீவுக்கூட்டம். அதன் கடைசித் தீவில் அவர் மகள் பொன்செல்வி டாக்டராக இருந்தாள். அங்கே அவள் ஒருத்திதான் டாக்டர்.

"மாசம் ரெண்டு கப்பல் போகுதே, அண்ணாச்சி."

"கப்பல்ல போனா, சும்மா பொழுதுபோகாம வந்திருக்காருன்னு நினைப்பா. இப்படிப் போனாத்தான் அவளுக்காக வந்தேன்னு நம்புவா."

ஜெசிந்தா காற்றின் போக்கைப் பார்த்து ஒரு தேதியைச் சொன்னாள்.

போகிற வழியெல்லாம் அவர்தான் பேசினார். மகளுக்கு ஆறு வயதாகும்போது மஸ்கட் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் விடுமுறை. மனைவி இறந்தபோதுகூட மூன்றாம் நாள்தான் வந்துசேர முடிந்தது. ஒரேயடியாக ஊர் திரும்பியபோது மகளுக்கு இருபத்தெட்டு. அவள் சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருஷத்துக்குள் தீவில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"அவ படிப்புக்குத்தான் போனேன், கேப்டன். திரும்பி வரத்தான் போனேன். அதை ஒருதடவை நேருக்கு நேரா சொல்லிட்டாப் போதும்."

"பாயைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க," என்றாள் ஜெசிந்தா.

ஐந்தாம் நாள் காலையில் தென்னைகள் தெரிந்தன. கடலின் விளிம்பில் யாரோ பென்சிலால் இழுத்த கோடு போல. சுயம்புலிங்கம் தன்னைப் படகோடு பிணைத்திருந்த இடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிட்டு முன்பக்கம் போனார். ஜெசிந்தா பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். அது காதில் விழுமுன் படகு ஒரு அலையில் ஏறி இறங்கியது. அவர் தண்ணீரில் கிடந்தார்.

மிதவைச் சட்டை அவரை மேலே தூக்கியது. கண்ணில் உப்பு எரிந்தது. ஜெசிந்தா மிதவை வளையத்தை எறிவதைப் பார்த்தார். அது கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தது. பிறகு அவள் திரும்பிக்கொண்டாள்.

படகு நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

அவர் கூப்பிட்டார். இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அலை எழும்பியபோது அதுவும் மறைந்தது. அலை தணிந்தபோது பாய் கைக்குட்டை அளவு ஆகியிருந்தது.

பதினாலு மாதத்தில் நாற்பது தடவையாவது செய்த பயிற்சிதான். விழுந்த ஆளுக்குப் பதிலாக ஒரு காலி கேனைத் தண்ணீரில் எறிவார்கள். படகை விலக்கிக்கொண்டு போய், வளைத்துத் திருப்பி, காற்றை எதிர்த்து வந்து, கேனின் பக்கத்தில் நிறுத்துவார்கள். விலகாமல் திருப்ப முடியாது. இதை அவரே புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தண்ணீரில் கிடந்தபோது அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. விட்டுவிட்டுப் போகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு அழுதார். பிறகு குரல் வரவில்லை.

பாய் திரும்பியது.

படகு நேராக அவரை நோக்கி வந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, ஒரு கை தூரத்தில் நின்றது. அவள் ஏணியை இறக்கி, சட்டைப் பட்டையைப் பிடித்து அவரை மேலே இழுத்துப் போட்டாள்.

அவர் முழங்காலில் எழுந்தார். ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தார்.

ஜெசிந்தாவின் கன்னத்தில் விரல்கள் பதிந்து சிவந்தன. தன் கையையே யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார் சுயம்புலிங்கம்.

அவள் கீழே போய், பிளாஸ்கிலிருந்து கருப்பட்டிக் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள்.

"தெரிஞ்ச பயிற்சிதான், கேப்டன்," என்றார் வெகுநேரம் கழித்து. "ஆனா அந்தக் கேனுக்குள்ள இருந்து நான் பார்த்ததே இல்ல."

"ம்."

"விலகினாத்தான் திரும்பி வர முடியும். இல்லையா?"

"ஆமா."

அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். தீவின் கோடு இப்போது பச்சையாகியிருந்தது.

"அப்போ நான் செஞ்சதும் இதுதானே? என் மகள்கிட்ட இதையே சொல்லிடுறேன். புரிஞ்சுக்குவா இல்லையா?"

ஜெசிந்தா சுக்கானைத் தீவின் பக்கம் திருப்பினாள்.

"நான் போய்த் திரும்பி வர நாலு நிமிஷம் ஆச்சு. உங்களுக்கு?"

"இருபத்திரண்டு வருஷம்."

"நாலு நிமிஷத்துக்கே நீங்க என்னை அறைஞ்சிட்டீங்க, அண்ணாச்சி."