செஸ் புரோகிராமும் காபி குடிக்காத மாப்பிள்ளையும்

செங்கல்வராயன் கம்பெனியின் செஸ் புரோகிராம் ஒரு காயை நகர்த்துவதற்குள் எதிரே ஆடுகிறவர் சாப்பிட்டுவிட்டு வருவார். சிலர் ஊருக்கே போய்விட்டு வந்தார்கள்.

முதலாளி செங்கல்வராயன், ஒப்பந்த ஊழியர் தில்லைக்கரசியைக் கூப்பிட்டார். "நாளைக்குள்ள இது வேகமா ஆடணும். ஆனா ஒரு நகர்த்தலைக்கூட முழுசா விசாரிக்காம விடக் கூடாது. முடியலன்னா நீ வேற வேலை பாத்துக்கம்மா."

மறுநாள் புரோகிராம் கண் இமைக்கும் நேரத்தில் ஆடி, முதலாளியையே தோற்கடித்தது.

"பாதியைப் பாக்காமலே தள்ளியிருக்கு. ஏமாத்து வேலை. நீ கிளம்பலாம்," என்றார் அவர்.

அப்போது அவர் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் கல்யாணத் தரகர் போனில் வந்தார். "பையன் காபி குடிப்பானா? மாட்டானா? அப்ப வேண்டாம்," என்று முதலாளி போனை வைத்தார்.

"என்ன படிச்சிருக்கார்னு கேக்கலியே சார்?" என்றாள் தில்லைக்கரசி.

"காபி குடிக்காதவன் என்ன படிச்சிருந்தா எனக்கென்ன?"

"வேலை, குணம், குடும்பம்?"

"வேண்டாம்னு முடிவாயிடுச்சு. மிச்சத்தை எதுக்கும்மா விசாரிக்கணும்?"

"புரோகிராமும் அதேதான் சார் செய்யுது. இந்தக் காயை நகர்த்தினா ராணி போயிடும்னு தெரிஞ்சதும், எதிராளி வேற என்னென்ன பதில் ஆடுவார்னு பாக்கறதில்ல. அதை விட்டுட்டு அடுத்த காய்க்குப் போயிடுது."

 முதலாளி அந்த முறைக்குச் செங்கல்வராயன் முறை என்று பெயர் வைக்கச் சொன்னார். தில்லைக்கரசியின் வேலையும் நிரந்தரமானது.

வெளியே வந்தவளை, எல்லாவற்றையும் கேட்டபடி வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த முதலாளியின் மகள் மாதங்கி மடக்கினாள்.

"புரோகிராமை வேகமாக்கினது போதும்க்கா. அப்பாவைக் கொஞ்சம் மெதுவாக்க முடியுமா?"