ஆடாத கை

“இந்தக் கை நடுக்கம் எப்போக்கா போகும்?” என்று கேட்டாள் ஜெனிட்டா.

தில்ஷாத் அக்கா நிமிரவில்லை. செத்துப்போன லேப்டாப்புகளை எழுப்பித் தருகிறவள் அவள். அவளிடம் தொழில் கற்க வந்தவள் ஜெனிட்டா.

“போர்டுல ஊசியை வைக்கறதுக்குள்ள உயிர் போயிடுதுக்கா. திரும்பத் திரும்ப மீட்டர்ல அளந்தாத்தான் மனசு கேக்குது.”

“அந்தோணியாரைக் கூப்பிட்டாச்சா?”

“கூப்பிட்டேன்.”

“இன்னொரு புனிதரையும் கூப்பிட்டுட்டு, மறுபடி அளந்து பாரு.”

பதில் அவ்வளவுதான்.

மழைக்காலம் போனது. ஒரு நாள் ஜெனிட்டா கையை நீட்டிக் காட்டினாள்.

“பாருங்கக்கா. ஆடவே இல்ல!”

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

அன்று ஒருவன் வந்தான். தோளில் குழந்தை, கக்கத்தில் லேப்டாப்.

“இவ அம்மா பாடின தாலாட்டு இதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல.” கொஞ்சம் நிறுத்தினான். “அவளும் இல்ல.”

குழந்தை அவன் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

“ஜெனிட்டா, நீ பாரு,” என்றாள் அக்கா.

பாட்டு இருந்த சிப், போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அது எரிந்தால் பாட்டும் எரிந்தது.

சார்ஜர் செருகும் இடத்தில் அளந்தாள். ஷார்ட். எங்கேயோ ஒரு பாகம் கெட்டுப்போய், வருகிற கரன்ட்டையெல்லாம் விழுங்குகிறது. அதே லைனில் வெளியிலிருந்து கொஞ்சம் கரன்ட் கொடுத்தால் கெட்டது சுடும். தானே காட்டிக்கொடுக்கும்.

எங்கே கொடுப்பது? போர்டின் வரைபடத்தைத் திரையில் திறந்தாள். அடிப்பக்கத்தில், இடது ஓரம், ஒரு கெபாசிட்டர் சிவப்பாக மின்னியது.

போர்டைப் புரட்டினாள். இடது ஓரம். அதே அளவில் ஒரு கெபாசிட்டர்.

கரன்ட் கொடுக்கும் பெட்டியில் ஐந்து வோல்ட் வைத்தாள். அதன் ஊசியைக் கெபாசிட்டர்மேல் இறக்கினாள். கை கல் மாதிரி நின்றது.

ஒன்றும் ஆகவில்லை.

“கரன்ட் வரலியேக்கா.”

“வராது.”

பெட்டியின் பிளக் அக்காவின் கையில் இருந்தது.

“ஏங்க்கா புடுங்கினீங்க?”

அக்கா கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

திரையில் படம் புரண்டது. சிவப்புப் புள்ளி இடது ஓரத்திலிருந்து வலது கோடிக்குத் தாவியது.

ஜெனிட்டா போர்டைப் புரட்டியிருந்தாள். படத்தைப் புரட்டவில்லை. அது காட்டியது மேலிருந்து பார்க்கிற இடதை.

“இப்ப உன் ஊசி எதுமேல நிக்குது?”

ஜெனிட்டா திரையைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

பாட்டு இருந்த சிப்புக்குப் போகும் லைன். இரண்டு வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

ஊசியைச் சட்டென்று தூக்கினாள்.

வெளியே காத்திருந்தவன் தோளில் குழந்தை எதற்கோ சிரித்தது.

“வைக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்துல அளந்தியா?”

“இல்லக்கா.”

“ஏன்?”

“தோணல... பயமே இல்லக்கா எனக்கு.”

“கையைக் காட்டு.”

நீட்டினாள். விரல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. மற்ற கையால் பிடித்தும் நிற்கவில்லை.

அக்கா பிளக்கைத் திரும்பச் செருகினாள்.

“இப்ப வேலையை ஆரம்பி.”