சார்ஜ் ஏறாத மோட்டார்

"எல்லாத்தையும் மாத்தியாச்சு தங்கச்சி. இன்னும் ஏன் சார்ஜ் ஏற மாட்டேங்குது?"

கேட்டவர் சந்தியாகு. ஐம்பதைத் தாண்டியவர். தோள்பட்டை போனதால் கடலை விட்டுவிட்டு, கரையில் படகு மோட்டார் வேலை பழக வந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவள் மெக்கானிக் பிரகாசி. வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவள்.

குரு தங்கச்சி, சீடர் அண்ணன். ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இருவரும் கண்டுகொள்ளவில்லை. ஊரே அலுத்துப்போய் விட்டுவிட்டது.

மோட்டார், சந்தியாகுவின் தம்பி வியாகுலத்துடையது. பழசு. கயிற்றை இழுத்தால் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஓடும்போது பேட்டரியில் சார்ஜ் ஏற வேண்டும். அதுதான் ஏறவில்லை.

போன வாரம் நடுக்கடலில் பேட்டரி இறங்கி, படகின் விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் கிடந்த படகு தெரியாமல், ஒரு கப்பல் உரசுகிற மாதிரி கடந்து போயிருக்கிறது.

வியாகுலம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். கேட்ட அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று சாயங்காலம் அவன் மறுபடியும் கடலுக்குப் போகிறான்.

"என்னென்ன மாத்துனீங்க?" என்றாள் பிரகாசி.

"பேட்டரி புதுசு. ரெக்டிஃபையர் புதுசு. காயிலும் மாத்திட்டேன். ஒயர் ஒவ்வொண்ணுக்கும் மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். எங்கதான் கோளாறு?"

"எனக்கென்ன தெரியும்?"

சந்தியாகுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதைச் சொல்ல ஒரு குரு வேண்டுமா?

பிரகாசி டூல்ஸ் பெட்டியைத் துழாவி ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினாள்.

"நீங்க சந்தேகப்பட்டுப் பாத்த இடத்துல எல்லாம் ஒரு கோடு போடுங்க."

போட்டார். மூடியைக் கழற்றி உள்ளேயும் போட்டார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் மாவுப் பானையில் விழுந்து எழுந்ததுபோல் நின்றது.

பிரகாசி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓரிடத்தில் குனிந்தாள்.

"இங்க கோடு இல்லையே?"

எஞ்சின் உடம்பில் ஒரு தடித்த போல்ட். பேட்டரியின் மைனஸ் ஒயர் அதில் வந்து முடிகிறது.

"அது எர்த்து. அதுல ஒண்ணும் இல்ல."

"மீட்டர் வச்சீங்களா?"

"எதுக்கு? நானே மாட்டுனதுதானே. மாதா கோயில் கொடியேத்தத்துக்குப் படகுக்கெல்லாம் பெயின்ட் அடிப்போம்ல? அப்ப மோட்டாருக்கும் அடிச்சேன். அந்த இடத்தைக்கூட விடல. ஒயரைக் கழட்டி, துருவைச் சுரண்டி, ரெண்டு கோட்டு நீலம் அடிச்சு, காஞ்ச பிறகு முடுக்குனேன். ஆட்டிப் பாருங்க."

ஆட்டிப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை.

"நல்ல வேலைண்ணே."

கேலி இல்லை. மனதாரத்தான் சொன்னாள்.

தண்ணீர் டிரம்மில் மோட்டாரை இறக்கிக் கயிற்றை இழுத்தாள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தாள். மறுமுனையை எஞ்சின் உடம்பில், பெயின்ட் உரிந்திருந்த ஒரு கீறலில் வைத்தாள்.

"எவ்வளவு காட்டணும்?" என்று அவரைக் கேட்டாள்.

"ஒண்ணும் காட்டக் கூடாது. ரெண்டும் ஒரே இடம்தானே."

மீட்டர் மூன்று வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது.

சந்தியாகு மீட்டரைத் தட்டினார். அது மாற்றிச் சொல்லவில்லை.

அவரே மோட்டாரை நிறுத்தினார். அவரே போல்ட்டைக் கழற்றினார்.

ஒயருக்கு அடியில் நீலம். வழவழவென்று, கண்ணுக்கு அழகாக. போல்ட் இறங்கும் துளைக்குள்ளும் நீலம்.

பெயின்ட்டுக்குள் மின்சாரம் போகாது. அது அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை.

"மாதாவுக்குன்னு ஆசை ஆசையா அடிச்சேன் தங்கச்சி."

"தெரியுதுண்ணே."

உப்புத்தாளை எடுத்து இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். மாட்டினார். முடுக்கினார். கயிற்றை இழுத்தார்.

பேட்டரியில் வைத்த மீட்டர் ஏறியது. பன்னிரண்டு. பதின்மூன்று. இன்னும் ஏறியது.

சந்தியாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மோட்டார் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"தம்பி தைரியமாப் போகலாம்," என்றாள் பிரகாசி. "நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அவர் நகரவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கரையில் படகுகள் வரிசையாக நின்றன. சாயங்காலம் கடலுக்குப் போக ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு படகின் பின்னாலும் ஒரு மோட்டார். முக்கால்வாசி நீலம்.

சந்தியாகு சட்டென்று உப்புத்தாளையும் ஸ்பேனரையும் அள்ளிக்கொண்டு மணலில் ஓடத் தொடங்கினார்.

"எங்கண்ணே ஓடுறீங்க?"

அவர் திரும்பாமலே கத்தினார்.

"நான் நல்லா வேலை பாத்த மத்த மோட்டாருக்கெல்லாம்!"