மாதி சொல்லாத பெயர்

முன்னொரு காலத்தில், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த குடவரை நாட்டை மாறவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பான். மாலையில், அந்த யானை ராஜவீதியில் நடந்ததற்கு வரி கேட்பான். அவன் மனம் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்த ஒரே ஆள் மந்திரி பூதனார். அந்த மந்திரி பதவியின் மேல் கண்ணாக இருந்தவர் படையை நடத்தும் தளவாய் வீரகண்டர்.

அந்தக் கோடையில் இளவரசனுக்கு உடம்பெல்லாம் முத்து போட்டிருந்தது. அரண்மனையில் யாரும் நோய் என்று சொல்லவில்லை. "அம்மா வந்திருக்கிறாள்" என்றார்கள். சபை மண்டபத்தை ஒட்டிய உள்ளறை வாசலில் வேப்பிலை தொங்கியது. அரசன் தூங்கி நாளாகியிருந்தது. தூங்காதவனின் கோபம் யார் மேல் விழும் என்று தெரியாமல் சபை பயந்துகிடந்தது.

அது மாதி என்ற மலைக்காரியின் மேல் விழுந்தது. இளவரசனின் மருந்துக்குத் தேன் கொண்டுவந்திருந்தாள். தலைமுடியை முடியாமல் விரித்துப்போட்டிருந்தாள்.

"எந்த வழியாக வந்தாய்?" என்று அரசன் கேட்டான்.

"வடக்குக் கணவாய் வழி சாமி. பெரியவர் படுத்திருந்தார். சுத்திக்கிட்டு வந்தேன்."

"என்னைவிடப் பெரியவர் யார் அங்கே?"

தளவாய் சிரித்தார். "புலியைத்தான் அப்படிச் சொல்கிறாள், மகாராஜா. பெயரைச் சொன்னால் வந்துவிடுமாம். இவர்களை இப்படியே பயத்தில் வைத்திருப்பது நம் மந்திரியார்தான். புலி! புலி! புலி! எங்கே, வந்ததா?"

மாதி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

"நீயும் சொல்" என்றான் அரசன்.

"இன்னிக்கு முடியாது சாமி. எம் புருசன் சடையன் தேன் பாறையில தொங்கறான். எந்தம்பி அவன் தொங்குற கொடியப் புடிச்சிருக்கான். ஏறினவன் எறங்குற வரைக்கும் பெண்டாட்டிக்காரி முடி முடியக் கூடாது, அந்தப் பேரச் சொல்லக் கூடாது. சொன்னா கொடி அறுந்துடும்."

சபை மண்டபத்தின் மேற்குச் சாளரத்தில் தேன் பாறை தெரிந்தது. நெட்டுக்குத்தான பாறையின் நடுவில் மெல்லிய புகை. சடையனின் தீப்பந்தம்.

"நல்லதாயிற்று" என்றார் தளவாய். "இவள் பெயரைச் சொல்லட்டும். நாம் புகையைப் பார்ப்போம். புகை நின்றால் இவள் சொன்னது மெய். நிற்காவிட்டால் மந்திரியார் வளர்த்த பொய்."

அரசனுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "சொல். சொல்லாவிட்டால் நாக்கு போகும்."

மாதி புகையைப் பார்த்தாள். பிறகு, சேவகன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து நாக்கை நீட்டினாள்.

சேவகன் கத்தியை ஓங்கவில்லை.

பூதனார் எழுந்தார். "அரசே, சோதனை சரிதான். ஆனால் பயந்தவளை வைத்துச் செய்வது முறையல்ல. சொல்லால் ஒன்றும் ஆகாது என்று உறுதியாக நம்புகிறவர் முதலில் செய்யட்டும்."

"நானா? ஆயிரம் முறை சொல்வேன்" என்றார் தளவாய்.

"அது மலைக்காரர்களின் சொல். நமக்கும் ஒரு சொல் இருக்கிறது." பூதனார் குரலைத் தாழ்த்தினார். "அந்த வேப்பிலைக்குக் கீழே போய் நில்லுங்கள். உள்ளே படுத்திருக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். அதோடு, பாடை கட்டும் வீட்டில் சொல்வார்களே, அந்தச் சொல்லையும் சேர்த்து உரக்கச் சொல்லுங்கள். வெறும் சொல்தானே?"

தளவாய் உள்ளறை வாசல் வரை போனார். வேப்பிலை அவர் தலைப்பாகையைத் தொட்டது. வாய் திறந்தது.

"வேண்டாம்!"

கத்தியது அரசன். சிம்மாசனத்தை விட்டு எப்போது இறங்கினான் என்று யாரும் பார்க்கவில்லை. தளவாயின் வாயைத் தன் கையால் பொத்தியிருந்தான்.

உள்ளே பிள்ளை தண்ணீர் கேட்டு முனகியது. அரசன் கண்ணை மூடி அந்தக் குரலைக் கேட்டான். பிறகுதான் கையை எடுத்தான்.

"மந்திரி, இதற்கு உம் தலையை வாங்கியிருப்பேன்."

"தெரியும், அரசே. அதனால்தான் அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை."

அரசன் தன் தோள்வளையைக் கழற்றிப் பூதனாரிடம் கொடுத்தான். மாதியின் எதிரே வந்து நின்றான். "எழுந்திரு தாயே. நீ சொல்ல வேண்டாம். இனி இந்தச் சபையில் யாரும் உன்னைக் கேட்கவும் மாட்டார்கள்." பின்பு தளவாயிடம் திரும்பினான். "நீர் இவளோடு போய், இவள் புருஷனை இறக்கிக் கூட்டி வாரும். காட்டு வழி நெடுக அந்த மிருகத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே போகலாம். உமக்கு மட்டும் அனுமதி."

காட்டு முகப்பில் தளவாயின் பல்லக்குத் தூக்கிகள் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் நடைதான். மூங்கில் அடர்ந்து வெயில் மறைந்தது.

"உத்தரவு இருக்கே, சொல்லுங்க சாமி" என்றாள் மாதி.

தளவாய் நாலாபுறமும் பார்த்தார். "மெதுவாகப் பேசு அம்மா" என்றார். "நீ முன்னால் நட."

பாறையடியில் சடையன் இறங்கி நின்றிருந்தான். கையெல்லாம் கொட்டு வாங்கி வீங்கியிருந்தது. மாதி அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயே முடியை அள்ளி முடிந்தாள். அவள் தம்பி தேன் குடுக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டான். நான்கு பேரும் திரும்பி நடந்தார்கள்.

"யாரு இவரு? ஏன் இப்படி வேர்க்குது?" என்று சடையன் மெல்லக் கேட்டான்.

"அரமணைக்காரரு. நடக்கப் பழக்கமில்ல" என்றாள் மாதி.

பின்னால் ஒரு சுள்ளி முறிந்தது. காட்டில் அதுவரை கத்திக்கொண்டிருந்த குருவிகள் நின்றன. மாதி விரலை உதட்டில் வைத்தாள். தளவாய், இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் காலடித் தடத்தை மிதித்தபடி நடந்தார்.