சார்ஜ் மாமா இறங்கிவிட்டார்

ஆத்தூர்ப் பக்கம் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் வையாபுரி, நடுவில் குழந்தைவேலு, கடைக்குட்டி தணிகாசலம். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அன்றைக்கு அதையும் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

கிளம்பியது தணிகாசலத்தின் கல்யாணத்துக்கு. ஏற்காடு மலைமேல் மண்டபம். ஒன்பதரைக்குள் தாலி ஏறாவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவேன் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. நிச்சயதார்த்தத்துக்கே இவர்கள் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

மூவரும் வேலை பார்த்த மில்லின் முதலாளி இரக்கப்பட்டுத் தன் புது எலெக்ட்ரிக் காரைக் கொடுத்தார். "வண்டியப் பூ மாதிரி பாத்துக்கணும்ப்பா. மலை ஏறும்போது சார்ஜ் இறங்கும், பதறாதீங்க. இறங்கும்போது தானா ஏறிடும்."

பூ மாதிரி என்றாரே! தண்ணீர் தெளித்து, ஈர வேட்டியைப் போர்த்திவிட்டார்கள். வண்டி ஓட்டிய வையாபுரிக்கு ரோடு தெரியவில்லை. கண்ணாடிக்கு நேராக வேட்டியைக் கிழித்ததும் தெரிந்தது.

மலையடிவாரத்தில் குழந்தைவேலு ஏதோ பொத்தானைத் தொட, தணிகாசலம் துள்ளினான்.

"அண்ணே! சீட்டுக்குள்ள இருந்து யாரோ முதுகப் பிடிச்சு விடுறாங்க!"

"சுகமா இருக்கா?"

"ஐயோ, சொர்க்கம்ணே!"

"அப்ப பேசாம இரு. யாரோ நம்ம மேல பிரியமான மனுஷன்."

நாலாவது வளைவில் வண்டியே வாயைத் திறந்து, "சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கிறது" என்றது. வையாபுரி பிரேக்கை அழுத்தினார்.

"சார்ஜுங்கறது முதுகு பிடிச்சவர்தான். ஏன் இறங்குறாரு?"

"அவருக்குப் பத்திரிகை வச்சோமா?" என்றான் குழந்தைவேலு.

"அவர் இருக்கறதே இப்பத்தானே தெரியும்!"

"வெத்தலை பாக்கு வைக்கல, ஒரு வார்த்தை கூப்பிடல. எந்த மாமன்தான் இறங்க மாட்டான்?"

மாமனே என்று முடிவாகிவிட்டது. நாம் இறங்கினால் அவர் ஏறுவார் என்று முதலாளியே சொன்னாரே! மூவரும் இறங்கி, தூரத்தில் ஒரு மரத்தடியில் மரியாதையாக நின்றார்கள். சாவி மாப்பிள்ளையின் சட்டைப் பையில். அது விலகியதும் வண்டி தானாகப் பூட்டிக்கொண்டது.

"ஏறி, தாழ்ப்பாளும் போட்டுட்டாரு. கோபம் தணியல. கால்ல விழுடா!"

தணிகாசலம் பட்டுச் சட்டையோடு வண்டியின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சாவி பக்கத்தில் வந்ததும் விளக்குகள் கண்சிமிட்டின, கண்ணாடிகள் காது மாதிரி விரிந்தன, கதவுப்பிடிகள் கைநீட்டின.

"ஆசீர்வாதம் பண்ணிட்டாரு!" மூவருக்கும் கண் கலங்கிவிட்டது.

மண்டப வாசலை அடைந்தபோது மணி ஒன்பதே கால். நாதஸ்வரம் முழங்குகிறது. பெண் மரகதவல்லி தாலித்தட்டோடு வாசலுக்கே ஓடிவந்துவிட்டாள். வண்டியோ மறுபடியும், "சார்ஜ் இறங்கிவிட்டது" என்றது.

"என்னங்க, சீக்கிரம் வாங்க! எங்கப்பா கடிகாரத்தையே முறைச்சுக்கிட்டு நிக்கிறாரு!"

"சார்ஜ் மாமா இல்லாம எப்படிம்மா தாலி கட்டறது?" என்று தணிகாசலம் அழுதேவிட்டான். "வழியில இறங்கிட்டாரு. கீழ போனாத்தான் ஏறுவாராம்."

புத்திசாலிப் பெண்ணாக இருந்தால் அப்போதே வேறு மாப்பிள்ளை தேடியிருப்பாள். மரகதவல்லி தாலித்தட்டோடு காரில் ஏறி உட்கார்ந்தாள். "பொண்ணு வந்து கூப்பிடாம மாமா எப்படி வருவாரு? திருப்புங்க வண்டிய!"

அட்சதையும் கையுமாக ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, வண்டி மலை இறங்கியது. திரையில் சார்ஜ் காட்டும் எண் ஏறத் தொடங்கியது. "ஏறிட்டாரு! கட்டுடா!" என்று வையாபுரி கத்த, ஒன்பது இருபத்தொன்பதுக்கு, முதுகுபிடிக்கும் சீட்டில் குலுங்கிக்கொண்டே தாலி ஏறியது.

விருந்துக்கு மறுபடி மலை ஏறினார்கள். மாமா மறுபடி இறங்கினார். கோபித்தவரைப் பட்டினி போட முடியுமா? என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் காலியாக ஒரு பெட்டி இருந்தது. அதில் தலைவாழை இலை விரித்து, சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் பரிமாறி மூடினார்கள்.

மறுநாள் முதலாளி அந்தப் பெட்டியைத் திறந்தார். இலையில் எல்லாம் அப்படியே இருந்தது, பாயசம் மட்டும் வண்டிக்குள் எங்கோ ஒழுகிப் போயிருந்தது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

குழந்தைவேலு எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "பாத்தீங்களாண்ணே, மாமாவுக்குப் பல்லு இல்ல போலிருக்கு."