பார்க்காத கூடை

"தாயே, தொடங்கட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஆற்றங்கரை மடத்தின் பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சிவகாமியம்மா தலை நிமிரவில்லை.

"எதை அண்ணாச்சி?"

"ஒயர் கூடை. வீட்டுல வச்சே முடைஞ்சு விக்கிறது."

சொரிமுத்துவுக்கு அறுபத்துமூன்று வயது. அம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. மடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் தாயே என்று கும்பிடுவதால் அவரும் அப்படியே கும்பிட்டார். மனைவி கோமு இறந்ததிலிருந்து வியாழக்கிழமைதோறும் வந்து விறகு பிளந்து கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போவார். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டது இன்றுதான்.

வீட்டில் கிடந்த பழைய கூடை ஒன்றை மகள் போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறாள். சென்னையில் ஒரு கடைக்கார அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. முப்பது கூடை முடைந்து தர முடியுமா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாராம்.

"கை வருமா?"

"வரும் தாயே. கை மறக்கல."

"பிறகென்ன?"

சொரிமுத்து ஆற்றைப் பார்த்தார்.

"சிரிப்பாங்க."

அதற்குப் பிறகு அவர் சொன்னது நீளமான கதை.

அந்தக் காலத்தில் அவர் டெம்போ ஓட்டினார். மத்தியானம் வண்டியை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தால் புது ஒயரின் வாசனை முகத்தில் அடிக்கும். கோமு கட்டைப் பிரித்து, நீளம் பார்த்து நறுக்கிக்கொண்டிருப்பாள். ரேடியோ தன்பாட்டுக்குப் பாடும். அடியும் சுவரும் முடைவது அவள். கைப்பிடி போடுவது இவர். அவள் எதிரே உட்கார்ந்து, கூடையை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். இவர் குனிந்து ஒயரைக் கோப்பார். அவள் நெற்றி வியர்வை தெரிகிற அளவு பக்கம். பேச்சு இருக்காது. பேச வேண்டியும் இருக்கவில்லை.

அதைக் கெடுத்தவன் சகலை பட்டமுத்து. கோமுவின் அக்கா புருஷன்.

ஒரு கல்யாணப் பந்தியில், நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் சத்தமாகச் சொன்னான். சகலை வீட்டுக் கூடையை நம்பிச் சந்தைக்குப் போனேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது, தக்காளி பூராவும் தெருவில் ஓடியது, ஆம்பளை போட்ட கைப்பிடி அல்லவா, தக்காளிக்கும் வேகம் வந்துவிட்டது என்று. பந்தியே சிரித்தது. சொரிமுத்து பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து ஒயர் கட்டுகளைத் தூக்கிப் பரணில் போட்டார். இனி இந்த வீட்டில் கூடை கிடையாது என்றார். கோமு சரி என்றாள்.

இருபத்தாறு வருஷம். பட்டமுத்துவின் முகத்தில் விழிக்கவில்லை. கோமு செத்த அன்றுகூட அவன் ஒரு ஓரத்தில் நின்றான், இவர் ஒரு ஓரத்தில் நின்றார்.

அம்மா கீரைக்காம்புகளை ஒதுக்கினாள்.

"அந்தக் கூடையப் பாத்தீங்களா?"

"எந்தக் கூடை?"

"அறுந்த கூடை."

"இல்ல."

"பாக்காமலேயா இருபத்தாறு வருஷம்?"

சொரிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"அதை வாங்கிட்டு வாங்க. தொடங்குறதப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அன்று அவர் மடத்தில் சாப்பிடவில்லை. வழியெல்லாம் அம்மாவைத் திட்டிக்கொண்டே போனார். அவர் மனதில் பகையாளிகளுக்கென்று ஓர் இடம் உண்டு. முடிவெட்டுகிற ஒருவர், இரண்டு பங்காளிகள், ஒரு தபால்காரர் எல்லாரும் பல வருஷமாக அங்கே இருந்தார்கள். அம்மாவையும் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போய் ஒரு கட்டு ஒயர் வாங்கி வந்தார். அடி நன்றாக வந்தது. சுவரும் ஏறியது. கோமு முடைவதைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு எல்லாம் வந்திருந்தது.

கைப்பிடி போட உட்கார்ந்தபோதுதான் கூடை சரிந்தது. எதிரே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

சனிக்கிழமை காலையில் பட்டமுத்துவின் ஊருக்குப் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தது கோமுவின் அக்கா, மதினி உலகம்மாள். வாங்க என்றாள். இத்தனை வருஷம் கழித்து ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. உள்ளே நாற்காலியில் பட்டமுத்து இருந்தான். கிழவனாகியிருந்தான்.

சொரிமுத்து நின்றபடியே சொன்னார், அந்தக் கூடையைப் பார்க்க வேண்டும் என்று.

உலகம்மாள் அடுப்படியிலிருந்து கூடையை எடுத்து வந்து, அதிலிருந்த வெங்காயத்தை அங்கேயே தரையில் கொட்டிவிட்டு நீட்டினாள். மஞ்சள் கூடை. ஒரு பக்கத்துக் கைப்பிடி மட்டும் நீலம். நீல ஒயர் மேல்வரியில் நிற்காமல் ஒவ்வொரு வரியாக இறங்கி அடிவரைக்கும் போயிருந்தது.

"இது யார் போட்டது?"

"கோமுதான்," என்றாள் உலகம்மாள்.

"எப்போ?"

பட்டமுத்து தொண்டையைச் செருமினான்.

"நீரு பந்தியில எந்திரிச்சுப் போன மறுவாரம். அறுந்த இடத்தைத் திருப்பிப் பாத்தா. ஒயர் அடிவரைக்கும் போகாம ரெண்டு வரிக்குத்தான் இறங்கியிருந்துச்சு. அப்புறம் எங்க நிக்கும்?"

சொரிமுத்து கூடையையே பார்த்தார்.

"'அத்தான், அவுக கையில வந்த தப்புன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாக. ஒங்க மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும்'னா. நானும் சரின்னுட்டேன்."

"இத்தனை வருஷமா?"

"கேட்டுக்கிட்டது அவள்லா ஓய்."

சொரிமுத்து தரையில், வெங்காயத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உலகம்மாள் இலை போட்டாள். தக்காளிக் குழம்புதான், ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஓய் என்றான் பட்டமுத்து. சொரிமுத்து கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடையோடு மடத்துக்கு வந்தார். மகள் காலையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். அவர் எடுக்கவில்லை.

"தாயே, வேண்டாம்."

"எது?"

"கூடை. தப்பு என்னோடதுதான். ரெண்டு வரியோட விட்டிருக்கேன். அத மறைக்க அவ ஒரு மனுஷனையே எனக்குப் பகையாக்கிட்டுப் போயிட்டா. இனி இந்தக் கையால யாருக்கும் செய்ய மாட்டேன்."

அம்மா எழுந்து போனாள். மூலையில் அடுக்கியிருந்த சேனைக்கிழங்குகளில் இரண்டைத் தூக்கிக் கூடைக்குள் போட்டாள். மேலே ஒரு தேங்காய். இன்னொன்று. கூடை விம்மியது.

"அடுப்படியில வச்சிட்டு வாங்க."

அவர் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். திரும்பியபோது அம்மா அடுப்படி வாசல்படியில் நின்றாள்.

"எதைப் பிடிச்சுத் தூக்குனீங்க?"

"கைப்பிடியைத்தான்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையுந்தான்."

"நீலம் அவங்க போட்டது. மஞ்சள்?"

சொரிமுத்து குனிந்தார். மஞ்சள் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு வரி, இரண்டு வரி, மூன்று. விரல் நிற்கவில்லை. அடிவரைக்கும் போனது.

அன்று முதலில் இந்தப் பக்கத்தைத்தான் போட்டார். போட்டு முடித்தபோது வெளியே ஹாரன் அடித்தது. லோடு ஏற்றிய ஆள் காத்திருந்தான். மறுபக்கத்தை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாமே என்றாள் கோமு, முழங்காலைத் தளர்த்தாமல். இவர்தான் பிடி பிடி என்று அவசரப்படுத்தினார்.

அவர் நிமிர்ந்தார்.

"இது நான் போட்டது தாயே."

அம்மா கிழங்குகளை எடுத்துக் கீழே வைத்தாள். கூடையை உதறி அவர் கையில் கொடுத்தாள்.

"மடத்துக்கு ரெண்டு வேணும் அண்ணாச்சி. அவசரமில்ல."

சொரிமுத்து தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"என்ன கலர் தாயே?"